சூடான கம்பி சொன்ன சேதிகள்

சூடான கம்பி என்றதும் நம்மில் பலருக்கு நவராத்திரிக் கொலுவுக்குத் தெர்மக்கோல் வெட்டும் நிக்ரோம் கம்பிதான் நினைவுக்கு வரும். நான் எழுதப்போவது அதன் தூரத்து உறவினரைப் பற்றி. இந்தக் கம்பி எதையும் வெட்டாது, உருக்காது. மின்சாரத்தால் சூடேறி, சும்மா நின்றுகொண்டிருக்கும். "என் சூடு இவ்வளவு வேகமாகப் போகிறது" என்று ஒரே ஒரு சேதியை மட்டும் சொல்லும். அந்த ஒரு சேதியை வைத்துக்கொண்டு பீரங்கி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள், விமான இறக்கையின் மேல் காற்று குழம்பும் விதத்தைக் கண்டுபிடித்தார்கள், உலைச் செங்கல்லின் தரத்தைச் சொன்னார்கள்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி தீச்செங்கல் பரிசோதனைக் கூடத்தில் கழிந்தது. ஃபயர் பிரிக் என்றால்தான் தொழிற்சாலைப் பக்கம் இருந்தவர்களுக்குப் புரியும். அங்கே நான் தினமும் கையாண்ட இந்தக் கம்பிக்கு இத்தனை பெரிய குடும்பம் உண்டு என்பது, ஓய்வுக்குப் பிறகு நிதானமாகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் முழுமையாகத் தெரிந்தது. படித்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான்

ஆறாத காபியை நாம் என்ன செய்கிறோம்? ஊதுகிறோம், அல்லது டபராவில் ஆற்றுகிறோம். காற்று பட்டால் சூடு சீக்கிரம் போகும். கம்பிக்கும் அதே கதை. உலோகக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும், ஆறினால் குறையும். ஆகவே மின்தடையை அளந்தால் கம்பியின் வெப்பநிலை தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த வீட்ஸ்டன் பாலம் நினைவிருக்கிறதா? அந்தப் பாலத்தின் ஒரு கையில் இந்தக் கம்பியைப் பொருத்திவிட்டால் போதும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கம்பி ஆறுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். காற்று வேகமாக வீசியிருக்கலாம். காற்றே குளிர்ந்திருக்கலாம். சுற்றியிருக்கும் வாயு மாறியிருக்கலாம். ஹைட்ரஜனில் கம்பி சட்டென்று ஆறும். அல்லது கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் சூட்டை நன்றாகக் கடத்துவதாக இருக்கலாம். எந்தக் காரணம் என்று கம்பி சொல்லாது. மற்றக் காரணங்களையெல்லாம் கட்டிப்போட்டு, ஒன்றை மட்டும் அவிழ்த்துவிடுவது அளப்பவரின் பொறுப்பு. காற்றின் வேகத்தை அளப்பவருக்கு எது வேண்டுமோ, அது பொருளின் வெப்பக் கடத்தலை அளப்பவருக்கு இடைஞ்சல். ஒருவருக்குப் பிழையாக இருப்பது இன்னொருவருக்கு அளவாக இருக்கிறது. இந்தக் கம்பியின் வரலாறு முழுக்க இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

பல்பிலிருந்து தொடக்கம்

1888இல் ஜெர்மனியில் ஷ்லையர்மாகர் என்பவர் ஒரு குழாயின் நடுவே கம்பியை நீட்டிச் சூடாக்கி, வாயுக்கள் எவ்வளவு சூட்டைக் கடத்துகின்றன என்று அளந்தார். 1906இல் பெர்லினில் மார்ச்செல்லோ பிரானி அதையே வேறு வேலைக்குத் திருப்பினார். மின்விளக்குத் தயாரிப்பில் பல்புக்குள் வெற்றிடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே வாயு குறையக் குறையக் கம்பி இழக்கும் சூடும் குறையும் அல்லவா? அதிலிருந்து வெற்றிடத்தின் அளவைச் சொல்லிவிட்டார். பிரானி மானி என்ற பெயரில் அந்தக் கருவி இன்றும் வெற்றிட அறைகளில் வேலை செய்கிறது.

காற்றின் வேகத்தை அளக்க உறுதியான கணக்கைத் தந்தவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த லூயி வெசோ கிங். 1914இல் வந்த அவருடைய கட்டுரையின் சாரம் இதுதான்: கம்பி இழக்கும் சூட்டில் ஒரு பங்கு எப்போதும் இருக்கும் பங்கு, மற்றது காற்று வேகத்தின் வர்க்கமூலத்தோடு கூடும் பங்கு. அதாவது காற்று நான்கு மடங்கு வேகமானால் அதனால் வரும் இழப்பு இரண்டு மடங்காகும். இதற்குக் 'கிங் விதி' என்று பெயர். நூறாண்டுக்கு மேலாகியும் மாணவர்கள் இதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

கம்பி மெல்லியதாக இருந்தால்தான் சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறும். காற்று ஆய்வில் பயன்படும் டங்ஸ்டன் கம்பியின் விட்டம் வழக்கமாக 5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிளாட்டினத்தை அவ்வளவு மெல்லியதாக இழுக்கும் வித்தையை இங்கிலாந்தின் வோலஸ்டன் 1813இலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். பிளாட்டினக் கம்பிக்கு வெள்ளியால் தடிமனான உறை போடவேண்டும். தட்டார்கள் துளைத்தட்டில் கம்பி இழுப்பது போல இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போகவேண்டும். கடைசியில் நைட்ரிக் அமிலத்தில் நனைத்தால் வெள்ளி கரைந்துவிடும், பிளாட்டினம் கரையாது. உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓர் இழை நிற்கும்.

எலிப்பொந்தும் பீரங்கியும்

முதல் உலகப்போரில் நடந்த கதைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

லாரன்ஸ் பிராக் என்ற இளைஞர் தம் தந்தையோடு சேர்ந்து 1915ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 25. இயற்பியலில் அவரைவிட இளையவர் யாரும் இன்றுவரை அந்தப் பரிசை வாங்கியதில்லை. பரிசுச் செய்தி வந்தபோது அவர் பெல்ஜியத்தில் போர்முனையில் இருந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய தம்பி ராபர்ட் கல்லிப்போலிப் போரில் உயிரிழந்திருந்தார். அண்ணனுக்குக் கிடைத்த வேலை, ஒலியை வைத்து எதிரியின் பீரங்கி இருக்குமிடத்தைக் கண்டுபிடிப்பது.

கணக்கு எளிது. முன்னணிக்குப் பின்னால் ஆறு மைக்ரோஃபோன்களை வரிசையாக வைக்கவேண்டும். பீரங்கிச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் எந்த நொடியில் வந்தது என்று ஓடும் ஃபிலிமில் பதியவேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆகவே நேர வித்தியாசங்களிலிருந்து வரைபடத்தில் இடத்தைக் குறித்துவிடலாம்.

நடைமுறையில் ஒன்றும் நடக்கவில்லை. பீரங்கிக் குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் முதலில் 'படீர்' என்று ஒரு வெடிச்சத்தம் வரும். அதன் பின்னால்தான் பீரங்கி வாயிலிருந்து வரும் அடித்தொண்டை 'தும்' ஓசை வரும். பீரங்கி இருக்குமிடத்தைச் சொல்வது இரண்டாவதாக வரும் ஓசைதான். அன்றைய சாதாரண மைக்குகளோ முதல் சத்தத்தையும், துப்பாக்கி ஓசையையும், சாலையில் போகும் வண்டி இரைச்சலையும் நன்றாகப் பிடித்தன. தேவையான 'தும்' மட்டும் அவற்றின் காதில் விழவேயில்லை.

பிராக் தங்கியிருந்த வீட்டில் கழிவறை காற்றுப் புகாத சின்ன அறையாம். ஜன்னல் கிடையாது. வெளியுலகோடு தொடர்பு, உட்காரும் பலகையில் இருந்த துளை வழியாக மட்டும்தான். சற்றுத் தொலைவில் ஆறு அங்குல பிரிட்டிஷ் பீரங்கி ஒன்று இருந்தது. அது சுடும்போதெல்லாம், உட்கார்ந்திருந்த பிராக் இருக்கையிலிருந்து லேசாகத் தூக்கப்பட்டாராம்! காதில் பெரிதாகக் கேட்காத அந்த ஓசையில் அவ்வளவு காற்றழுத்தம் இருக்கிறது என்று அவருக்கு அங்கேதான் உறைத்தது. ஆர்க்கிமிடீஸுக்குக் குளியல் தொட்டி என்றால் இவருக்குக் கழிவறை.

ஆனால் அந்த அழுத்தத்தை எப்படிப் பிடிப்பது? அதற்கு விடை சொன்னவர் அவருடைய பிரிவில் சேர்ந்த வில்லியம் டக்கர். அப்போது அவர் சாதாரண கார்ப்பொரல். போருக்கு முன் லண்டன் இம்பீரியல் கல்லூரியில், சூடான பிளாட்டினக் கம்பி காற்றில் ஆறுவதைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். கெம்மெல் குன்றுப் பக்கம், தார்க்காகிதச் சுவர் வைத்த குடிசையில் படுத்திருப்பார். தலைமாட்டில் எலி குடைந்த ஓட்டைகள். எதிரி பீரங்கி முழங்கும்போதெல்லாம் அந்த ஓட்டை வழியாகச் சில்லென்று ஒரு காற்று முகத்தில் அடிப்பதைக் கவனித்தார். முகத்துக்குத் தெரிகிற குளிர்ச்சி சூடான கம்பிக்குத் தெரியாதா என்ன?

பழைய வெடிமருந்துப் பெட்டியில் ஒரு துளை போட்டு, துளையின் குறுக்கே மெல்லிய கம்பியை நீட்டிச் சூடாக்கினார்கள். 'தும்' வந்ததும் துளை வழியே காற்று உள்ளே பாயும், கம்பி ஆறும், பாலத்தின் சமநிலை குலையும், ஃபிலிமில் கோடு துள்ளும். 1916ஆம் ஆண்டின் நடுவில் சோதித்துப் பார்த்தார்கள். 'படீர்' சத்தத்தைக் கம்பி கண்டுகொள்ளவேயில்லை. துப்பாக்கிச் சத்தத்தையும் வண்டி இரைச்சலையும் சட்டை செய்யவில்லை. 'தும்' மட்டும் அழகாக விழுந்தது.

அதன்பின் பிரிட்டிஷ் முன்னணி நெடுகிலும் இந்த மைக்குகள் வந்தன. 1917 நவம்பரில் காம்ப்ரே தாக்குதலிலும் 1918 ஆகஸ்டில் அமியான் தாக்குதலிலும் எதிரி பீரங்கிகளில் பெரும்பாலானவற்றின் இடம் முன்கூட்டியே வரைபடத்தில் ஏறியிருந்தது. குறிபார்க்கச் சுட்டுப் பார்க்கும் வழக்கம் தேவைப்படாததால், தாக்குதல் எதிர்பாராத நேரத்தில் தொடங்கியது. இந்தக் கம்பியால் காப்பாற்றப்பட்ட உயிர்களும் உண்டு, போன உயிர்களும் உண்டு. போர்க்காலக் கருவிகளைப் பற்றி எழுதும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

டக்கர் போருக்குப் பிறகும் இதே துறையில் இருந்தார். வருகிற விமானத்தின் ஓசையைக் கேட்பதற்காக இங்கிலாந்தின் தென்கரையில் பிரம்மாண்டமான கான்கிரீட் 'ஒலிக் கண்ணாடி'கள் கட்டப்பட்டன. அவற்றுக்கு முன்னால் அவருடைய கம்பி மைக்குகளைத்தான் வைத்தார்கள். டென்ஜ் என்ற இடத்தில் உள்ள வளைந்த சுவர் 200 அடி நீளம். 1935இல் ரேடார் வந்ததும் அத்தனையும் பயனற்றுப்போயின. சுவர்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. பிராக்கின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. டக்கர் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

ஈஃபலின் கோளமும் காற்றுச் சுரங்கமும்

பாரிஸ் கோபுரம் கட்டிய ஈஃபல் முதுமையில் காற்று ஆய்வில் இறங்கினார் என்பது பலருக்குத் தெரியாது. சொந்தச் செலவில் காற்றுச் சுரங்கம் அமைத்து, 1912 வாக்கில், ஒரு கோளத்தின் மேல் காற்று ஏற்படுத்தும் தடையை அளந்தார். ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரிலும் அதே அளவு எடுக்கப்பட்டது. அந்த விடை ஈஃபலின் விடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! ஈஃபல் எங்கோ 2ஆல் பெருக்க மறந்துவிட்டார் என்றுகூட அங்கிருந்து சொன்னார்கள். கிழவர் சும்மா இருப்பாரா? வேகத்தை மாற்றி மாற்றி அளந்து, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் தடை திடீரென்று விழுகிறது என்று காட்டினார். இருவரும் சரிதான் என்றாயிற்று.

கோளத்தை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் சீராக இருந்தால் தடை அதிகம், கொந்தளித்தால் குறைவு. எப்போது கொந்தளிக்கும் என்பது வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. சுரங்கத்துக்குள் வரும் காற்றிலேயே எவ்வளவு நடுக்கம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. நாட்டுக்கு நாடு சுரங்கங்கள் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம் என்ற சந்தேகம் வலுத்தது. ஆனால் அந்த நடுக்கத்தை எப்படி அளப்பது? நொடிக்குள் பலமுறை ஏறி இறங்குவதைச் சுழலும் கிண்ணம் காட்டாது.

அமெரிக்க அளவீட்டு நிறுவனத்தில் ஹியூ டிரைடனும் குயூதியும் கம்பியைக் கையில் எடுத்தார்கள். மெல்லிய கம்பிக்குக்கூட ஒரு சோம்பல் உண்டு. வேகமான மாற்றத்துக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கும். அந்தப் பின்தங்கலைச் சரிக்கட்டும் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் செய்து 1929இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே, சுரங்கங்களின் முரண்பாட்டுக்குக் காற்றின் நடுக்கமே காரணம் என்று எண்ணிக்கையோடு காட்டினார்கள். இந்த டிரைடன், 1958இல் நாசா தொடங்கியபோது அதன் முதல் துணைத் தலைவரானவர்.

அதே நிறுவனத்தில் இதைவிடப் பெரிய வழக்கு ஒன்றும் தீர்ந்தது. சீரான ஓட்டம் எப்படிக் கொந்தளிப்பாக மாறுகிறது? முதலில் படலத்துக்குள் ஒழுங்கான சிற்றலைகள் தோன்றும், அவை வளர்ந்து உடையும் என்று கொட்டிங்கனில் டோல்மீன் 1929இலும் ஷ்லிக்டிங் 1933இலும் தாளில் கணக்குப் போட்டிருந்தார்கள். ஜெர்மனிக்கு வெளியே இதைப் பெரும்பாலோர் நம்பவில்லை. அப்படி ஓர் அலையைச் சோதனையில் கண்டவர் எவரும் இல்லை. ஒரு தலைமுறைக் கணித உழைப்பு அந்தரத்தில் தொங்கியது.

ஷுபாவரும் ஸ்கிராம்ஸ்டாடும் காற்று வரும் வழியில் சல்லடைத் திரைகளை அடுக்கடுக்காக வைத்து, சுரங்கத்தின் நடுக்கத்தைக் காற்று வேகத்தில் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவுக்குக் குறைத்தார்கள். பிறகு தட்டையான பலகை ஒன்றின் அருகே கம்பியை வைத்தார்கள். ஆஸிலோஸ்கோப்பில் தாறுமாறான கோடுகள் வரவில்லை. அழகான, ஒழுங்கான அலை வந்தது. மெல்லிய உலோக நாடாவைக் காந்தத்தால் அதிரவைத்து, வேண்டிய அலையைத் தாங்களே உண்டாக்கியும் பார்த்தார்கள். எந்த அலை வளரும், எந்த அலை தேயும் என்பது ஜெர்மன் கணக்கோடு பொருந்திப்போயிற்று. வேடிக்கை என்னவென்றால் அது உலகப்போர்க் காலம். எதிரி நாட்டாரின் கோட்பாட்டை நிரூபித்த அந்த அறிக்கை 1943இல் ரகசியமாக மட்டுமே சுற்றுக்கு வந்தது. போர் முடிந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது. பழைய சுரங்கங்களின் இரைச்சலில் அந்தச் சின்ன அலை அமுங்கிக் கிடந்திருக்கிறது.

பிறகு கம்பி கடலுக்கும் போனது. கனடாவின் மேற்குக் கரையில், ஓதவெள்ளம் சீறிப்பாயும் ஒரு கடற்கால்வாயில், கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி முனையில் பூசிய பிளாட்டினப் படலத்தைக் கப்பலிலிருந்து இழுத்துச்சென்று கிராண்ட், ஸ்டூவர்ட், மொயலியே ஆகியோர் அளந்தார்கள். பெரிய சுழல்கள் சின்னச் சுழல்களாக உடையும்போது ஆற்றல் எப்படிப் பங்கிடப்படும் என்று ரஷ்யாவின் கொல்மகோரவ் 1941இல் சொன்ன விதி, அங்கேதான் தெளிவாக உறுதியானது. 1961இல் மார்செய் நகரில் இதை ஸ்டூவர்ட் எடுத்துச் சொன்னபோது கொல்மகோரவும் அந்த அரங்கில் இருந்தார். இருபது ஆண்டு காத்திருந்த பிறகு ஒருவர் தம் கணக்கு பலிப்பதை நேரில் கேட்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

பெங்களூரில்

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கால்டெக்கில் படித்துத் திரும்பிய சதீஷ் தவன் 1951இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சீரான ஓட்டம் கொந்தளிப்பாக மாறும் இடைப்பட்ட பகுதியைப் பற்றி அவரும் அவருடைய மாணவர் ரொத்தம் நரசிம்மாவும் 1958இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. தவன் பின்னாளில் இஸ்ரோ தலைவரானதும், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அவர் பெயரைத் தாங்குவதும் நமக்குத் தெரியும்.

1971இல் அதே கழகத்திலிருந்து நாரஹரி ராவ், நரசிம்மா, பத்ரி நாராயணன் மூவரும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். சுவரை ஒட்டிய கொந்தளிப்பில் அவ்வப்போது திடீர் வெடிப்பு போன்ற எழுச்சிகள் வரும். அவை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகின்றன என்பதைச் சூடான கம்பியின் சமிக்ஞையைச் சலித்துப் பார்த்துக் கணக்கிட்டார்கள். அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது சுவருக்கு அருகில் உள்ள அளவுகள்தான் என்பது அன்றைய பொது எதிர்பார்ப்பு. இல்லை, வெளிப்புறப் படலத்தின் அளவுகளே என்று இவர்கள் காட்டினார்கள். பெங்களூர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த இந்த முடிவு, உலக அறிஞர்களை நெடுநாள் விவாதிக்க வைத்தது.

காற்று வேண்டாம் என்பவர்கள்

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். பொருளின் வெப்பக் கடத்தும் திறனை அளப்பவர்களுக்குக் காற்றோட்டம் பகை. திரவத்தில் கம்பியைச் சூடாக்கினால், சூடான திரவம் மேலே எழும், குளிர்ந்தது கீழே வரும். அந்த ஓட்டமே சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: ஓட்டம் தொடங்குவதற்குள் அளந்துவிடுவது! 1931இல் ஸ்வீடனில் ஸ்டோல்ஹானே, பீக் இருவரும் இந்த வழியைத் திறந்தார்கள். கம்பியில் மின்சாரத்தைப் போட்ட கணத்திலிருந்து அது எப்படிச் சூடேறுகிறது என்று பார்க்கவேண்டும். சுற்றியுள்ள பொருள் சூட்டை நன்றாகக் கடத்தினால் கம்பி மெதுவாகச் சூடேறும். கடத்தாவிட்டால் வேகமாக ஏறும். 1970களுக்குப் பிறகு மின்னணுக் கருவிகள் வந்ததும், திரவங்களில் ஒரு நொடிக்குள் அளவை முடித்துவிட்டார்கள். 25 டிகிரியில் தண்ணீரின் கடத்தும் திறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.6065 வாட் என்ற சர்வதேச மதிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கம்பியின் உழைப்புதான் இருக்கிறது.

செங்கல்லுக்கு இந்த முறையை 1960இல் அமெரிக்காவின் ஹாப்பின் எடுத்துக்காட்டினார். பிறகு ஜெர்மன் தரமும் சர்வதேசத் தரமும் வந்தன. அதற்கு முன்பிருந்த தட்டுமுறையில் சூடு ஒரே சீராக நிலைக்கும்வரை மணிக்கணக்கில், சமயத்தில் நாள்கணக்கில் காத்திருக்கவேண்டும். கம்பி முறையில் உலை குறித்த வெப்பநிலைக்கு வந்து நிலைத்துவிட்டால், அளவு கால் மணி நேரம்.

எங்கள் கம்பி காற்று ஆய்வுக் கம்பி போல அவ்வளவு மெல்லியது அல்ல. ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும் பிளாட்டினக் கலப்பு. 230க்கு 114 மில்லிமீட்டர் செங்கல் இரண்டை எடுத்து, ஒன்றின் முகத்தில் காடி போட்டு, கம்பியை வைத்து, அதன் நடுவில் தெர்மோகப்பிளைப் பற்றவைத்து, மேலே மற்றக் கல்லை மூடி உலைக்குள் வைப்போம். மின்சாரம் கொடுத்ததும் வெப்பநிலை ஏறுவதை மடக்கைத் தாளில் புள்ளி புள்ளியாகக் குறிப்போம். முதலில் கொஞ்சம் வளையும். அது கம்பி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும் நேரம். கடைசியிலும் வளையும், அது சூடு கல்லின் ஓரத்தைத் தொட்டுவிட்ட நேரம். நடுவில் வரும் நேர்க்கோட்டின் சாய்வுதான் விடை. அந்தக் கோடு நேராக விழுவதைப் பார்ப்பதில் ஒரு தனி நிம்மதி உண்டு.

ஒரு சம்பவம். ஒரு வார்ப்பாலையில் புதிதாகக் கட்டிய உலையின் வெளித்தகடு கை வைக்க முடியாதபடி கொதித்தது. பக்கத்தில் நின்று வேலை செய்பவர்கள் தவித்தார்கள். கல் வாங்கியபோது கொடுத்த சான்றிதழ் பிரமாதமாக இருந்ததால், பழி முழுக்கக் கல் அடுக்கிய கொத்தனார் மேல் விழுந்தது. இடைவெளி விட்டுக் கட்டிவிட்டார் என்று சொல்லி அவருக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுத்திவைத்தார்கள். அங்கிருந்த இளம் பொறியாளருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மிச்சமிருந்த கற்களில் சிலவற்றைச் சாக்குப்பையில் போட்டு எங்களிடம் அனுப்பினார்.

200, 400, 600 என்று 1000 டிகிரி வரை படிப்படியாக அளந்தேன். 400 டிகிரியில் சான்றிதழில் இருந்த எண் அப்படியே வந்தது. அதற்கு மேல் போகப் போகக் கடத்தும் திறன் ஏறிக்கொண்டே போனது. 1000 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நுண்துளை நிறைந்த காப்புக் கற்களில் இது வழக்கம்தான். சூடு கூடக் கூட, துளைக்குத் துளை கதிர்வீச்சாகவும் தாவும். சான்றிதழில் ஓர் எண் மட்டும் இருந்தது, எந்த வெப்பநிலையில் என்பது இல்லை. அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு சுவரின் தடிமனைக் குறைவாக வரைந்துவிட்டார்கள். கல்லிலும் குறையில்லை, கட்டியதிலும் குறையில்லை.

அறிக்கை போன சில வாரங்களில் கொத்தனாருக்குப் பணம் கிடைத்தது. அவர் ஒருநாள் எங்கள் கூடத்துக்கே வந்து, "என்னைக் காப்பாத்தின மெசினைப் பாக்கணும் சார்" என்றார். கம்பியை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த நூலா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்தேன்.

நிறுவனமோ பதவியோ கம்பிக்குத் தெரியாது. இதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. திரவத்தில் நுண்துகள்களைக் கலந்தால் வெப்பக் கடத்தல் எதிர்பாராத அளவுக்குக் கூடுகிறது என்று 1990களின் இறுதியிலிருந்து பரபரப்பான முடிவுகள் வந்தன. 2009இல் உலகெங்குமுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்கள் ஒரே மாதிரிகளைப் பங்கிட்டு அளந்து பார்த்தன. பல இடங்களில் அளந்தது இந்தச் சூடான கம்பிதான். விந்தை எதுவும் இல்லை, பழைய கோட்பாடு சொல்லும் அளவே வருகிறது என்று முடிவாயிற்று. இருபது பக்க வாதத்தைவிட ஒழுங்காக எடுத்த ஓர் அளவு மேல்.

இன்று

1960களில் லேசர் வந்தது. எதையும் உள்ளே நுழைக்காமல் ஒளியாலேயே ஓட்டத்தை அளக்கும் முறைகள் பெருகின. ஆனாலும் நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் காற்றின் நடுக்கத்தை ஒரு புள்ளியில் விடாமல் பின்தொடரக் கம்பியையே இன்னும் தேடிப்போகிறார்கள்.

உங்கள் வீட்டுக் காரிலும் பெரும்பாலும் இவர் இருப்பார். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து, அதற்கேற்பப் பெட்ரோல் விடுவதற்காக 1980களின் தொடக்கத்தில் பாஷ் நிறுவனம் சூடான பிளாட்டினக் கம்பியைப் பொருத்தியது. கம்பியில் தூசி படிந்தால் அளவு பிசகும் என்பதால், வண்டியை நிறுத்தியதும் ஒரு நொடி அதைப் பழுக்கக் காய்ச்சி அழுக்கை எரித்துவிடுவார்கள். இப்போது கம்பிக்குப் பதில் பெரும்பாலும் மெல்லிய படலம். மெக்கானிக் "மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர் போயிடுச்சு சார்" என்று சொல்லிப் பில் நீட்டினால், கனடாவின் கிங்கையும் எலிப்பொந்து டக்கரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பில் தொகை குறையாது. எதற்குக் கொடுக்கிறோம் என்பதாவது தெரியும்.

எங்கள் கூடத்தில் கம்பிக்குத் துணையாக இருந்த தெர்மோகப்பிளின் கதையும் சுவையானதுதான். அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். உலைப் பக்கம் வேலை பார்த்த நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.